கல்லடியில் ஒரு மொழிபெயர்ப்பு நிலையம்

மட்டக்களப்பு கல்லடியில் உள்ள சிறியதொரு மொழிபெயர்ப்பு நிலையம், அவுஸ்திரேலியாவின் தேசிய நிவாரணத் திட்டம் பற்றிய விளக்கத்தைத் தமிழில் எழுதிக் கதவில் ஒட்டியிருப்பதை மனமாரப் பாராட்டுகிறேன். அந்நாட்டுச் சிறுவர் இல்லம், தேவாலயம், பாடசாலை போன்றவற்றில் 2018 ஜூலை 1 இற்கு முன், சிறுவயதில் பாலியல் துஷ்பிரயோகத்துக்கு ஆளானவர்கள், அந்நாட்டுக் குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ உடையவராயின், இங்கே வந்து வாழ்ந்தாலும் விண்ணப்பிக்கலாம். இத்திட்டத்தில் கிடைக்கும் நிவாரணப் பணத்தின் உச்சத் தொகை 150,000 அவுஸ்திரேலிய டொலர், விண்ணப்பிக்க இறுதி நாள் 2027 ஜூன் 30.

உறவினர் ஒருவருடன் சென்றபோது, பொறுப்பாக இருந்த அக்கா, பிறர் கேளாதபடி முதலில் கதவைச் சாத்தினார். நடந்ததை வாயால் சொல்லத் தேவையில்லை, எழுதித் தந்தால் போதும் என்றார். சட்ட ஆலோசனை இலவசமாகக் கிடைப்பதால் தரகருக்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்றும் எச்சரித்தார். நிலையம் தனது மொழிபெயர்ப்புக் கட்டண விபரத்தையும் எழுதி வைத்தால் நல்லது. இத்தகவல் பிரதேச செயலக, பொது நூலக அறிவித்தல் பலகைகளிலும் வரவேண்டும்.