சைனிக் பள்ளி நுழைவுத் தேர்வு கணக்கு கைடு: வாங்கலாமா?

அமராவதிநகர் சைனிக் பள்ளி ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வுக்காகப் பையனுக்கு வாங்கிய கைடு இது, பதிப்பகம் பெயர் வேண்டாம். மொத்தம் 300 மதிப்பெண்ணில் கணக்குக்கு மட்டும் 150 என்பதால் கடையிலேயே முதலில் புரட்டியது சுற்றளவு, பரப்பளவு, கன அளவு பகுதியைத்தான். கன அளவு நன்றாக வந்திருக்கிறது. கனசதுரத்தின் பக்கத்தை இரண்டு மடங்காக்கினால் கன அளவு எட்டு மடங்காகும் என்பதைப் படம் போட்டே புரியவைத்துவிடுகிறார்கள், 1 கன மீட்டர் என்றால் 1000 லிட்டர் என்பதை வைத்துத் தண்ணீர்த் தொட்டிக் கணக்குகளும் நிறைய.

ஆனால் விடைப்பக்கம் இருக்கிறதே, அதை நம்பாதீர்கள். 20 மீ நீளம், 15 மீ அகலத் தோட்டம், வெளியே சுற்றிலும் 2 மீ பாதை, பாதையின் பரப்பளவு என்ன? இரண்டு பக்கமும் கூட்டினால் 24 × 19 = 456, அதில் 300 போக 156 ச.மீ. கைடோ ஒரு பக்கம் மட்டும் கூட்டி 74 என்கிறது. சரியாகப் போட்ட பிள்ளை தன் விடையை அடித்துவிடும்! வட்டம் பற்றிய பாடத்துக்குப் புத்தகத்தில் இரண்டே பக்கம்தான், போதாது. அச்சு தெளிவு, தாள் மட்டம். விடைகளை நீங்களே ஒரு தடவை போட்டுப் பார்த்துத் திருத்திக் கொடுக்க முடியும் என்றால் வாங்குங்கள்.