எட்டு ஒன்றானால் எழுபது வயது கூடும்

போன வாரம் நண்பர் ஒருவர் ஈரானின் ஷிராஸ் நகரத்திலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு கம்பளத்தின் படம் அனுப்பினார். "கஷ்காய் நாடோடிகள் நெய்ததாம், எண்பது வருஷப் பழசாம். வாங்கட்டுமா?" படத்தின் ஓரத்தில் தெரிந்த சமோவாரை, அதாவது டீக்கு வெந்நீர் கொதிக்கும் பாத்திரத்தை, பார்த்ததுமே எந்தக் கடை என்று புரிந்துவிட்டது. பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று இதை எழுதுகிறேன். கடைப் பெயரைப் போடவில்லை. இந்த வேலையைச் செய்கிற கடை அது ஒன்று மட்டும் இல்லை.

நான் துபாயில் வேலை பார்க்கிறேன். 2017 அக்டோபரில் மனைவியும் நானும் நான்கு நாள் ஷிராஸ் போயிருந்தோம். கரீம் கான் காலத்து வக்கீல் பஜாரைச் சுற்றிவிட்டு வெளியே வந்தபோது, பக்கத்துச் சந்தில் ஒரு கடைக்காரர் டீ குடிக்கக் கூப்பிட்டார். சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு டீயை உறிஞ்சுவது எப்படி என்று அவரே சொல்லிக்கொடுத்தார். விலை கேட்டால் "காபெலி நதாரே" என்பார். உங்களுக்கு முன்னால் இதெல்லாம் ஒரு பொருட்டா என்று அர்த்தம். சும்மா தருகிறேன் என்று அர்த்தம் இல்லை!

அப்புறம் கதை ஆரம்பித்தது. கஷ்காய்கள் துருக்கிய மொழி பேசுகிற மேய்ச்சல் குலத்தார். குளிர்காலத்தில் வளைகுடாப் பக்கத்துத் தாழ்நிலம், கோடையில் ஜாக்ரோஸ் மலை என்று ஆட்டு மந்தையோடு இடம் மாறுகிறவர்கள். ஆண்கள் ஆட்டுமயிர் கத்தரித்துத் தறி அமைத்துக் கொடுக்க, நூல் நூற்பது, சாயம் தோய்ப்பது, நெய்வது எல்லாம் பெண்கள். தறியைத் தரையில் படுக்கைவாட்டில் கட்டுவார்கள். கிளம்பும் நாளில் அதைப் பிரித்துச் சுருட்டிக்கொண்டு போய் அடுத்த இடத்தில் மறுபடி கட்டுவதால் கம்பளத்தின் ஓரம் லேசாகக் கோணும். பார்த்து நெய்ய வரைபடம் கிடையாது, மனதில் இருப்பதுதான். சிவப்பு ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் வெளிறியும் பட்டை பட்டையாக வந்தால் அதற்கு அப்ரஷ் என்று பெயர். ஒருமுறை தோய்த்த நூல் தீர்ந்து அடுத்தமுறை தோய்த்ததைச் சேர்த்ததன் அடையாளம். ஷிராஸ் இருக்கும் ஃபார்ஸ் மாகாணத்தின் கம்பள நெசவை யுனெஸ்கோ 2010இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்ததையும் சொன்னார்.

பிறகு விசாரித்தபோது அத்தனையும் உண்மை என்றுதான் தெரிந்தது. அவர் எங்கள் முன் விரித்த கம்பளத்துக்கு அதில் பாதி பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

கடைசியாக ஒரு மூலையைத் தொட்டுக் காட்டினார். நெய்த பெண்ணே ஆண்டைப் போட்டிருக்கிறாள், 1318. ஈரானியச் சூரிய ஆண்டோடு 621ஐக் கூட்டினால் நம் கணக்கு வரும்: 1939. இளம்ரோஜாவாக வெளிறிய சிவப்பும் அந்த நான்கு எண்களும் சேர்ந்து என் வாயை அடைத்துவிட்டன. 1,900 யூரோவில் தொடங்கி 1,400இல் முடிந்தது. பொருளாதாரத் தடையால் நம் வங்கி அட்டைகள் ஈரானில் செல்லாது, எல்லாம் ரொக்கம்தான். பின்னால் வங்கியிடம் போய் முறையிட வழியே இல்லை என்பது அப்போது உறைக்கவில்லை. 'சான்றிதழ்' ஒன்று கொடுத்தார்கள். அச்சடித்ததும் முத்திரை குத்தியதும் அதே கடை.

நான்கு மாதம் கழித்து மகள் ஜூஸைக் கொட்டினாள். ஈரத்துணியால் துடைத்தேன், துணி சிவந்துவிட்டது. சார்ஜாவில் கம்பளம் சலவை செய்து, கிழிந்த இடத்தை நூலால் இழைத்து ரஃபு போடுகிற ஈரானியப் பெரியவர் ஒருவரிடம் எடுத்துப் போனேன். எல்லோரும் ஹாஜி என்றுதான் கூப்பிடுவார்கள். பாதி உருது, பாதி சைகையில் பேச்சு.

அவர் முதலில் செய்த காரியம் கம்பளத்தைக் கவிழ்த்துப் போட்டது. கடையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தும் நான் செய்யாதது. பழங்கம்பளத்தின் அடிப்பக்கம் தரையில் தேய்ந்து தேய்ந்து வழவழப்பாகிவிடும். இதில் புதுக் கம்பளிப் பிசிறை நெருப்பு காட்டிப் பொசுக்கியிருந்தார்கள், கரும்புள்ளிகள் தெரிந்தன. மேற்பக்கத்துக் கம்பளியை விரலால் பிரித்தார். தானாக வெளிறியது என்றால் நுனியிலிருந்து அடிக்குப் படிப்படியாக நிறம் ஏறும். இதில் நுனி வெளுப்பு, அடி பளீர்ச் சிவப்பு, நடுவே கோடு கிழித்தது போல எல்லை. ரசாயனத்தில் வெளுத்திருக்கிறார்கள், அதிகமாக வெளுத்துப்போன இடங்களில் சாயத்தைத் தொட்டுப் பூசியிருக்கிறார்கள். என் துணியில் ஒட்டியது அந்தப் பூச்சு. குஞ்சத்தைப் பிரித்தால் பாவு நூல், அதாவது முடிச்சுகளைத் தாங்கி நீளவாட்டில் ஓடும் நூல், பருத்தி. ஊரில் தங்கிவிட்டவர்கள் இன்று பருத்திப் பாவு போடுவதுண்டு, அதை மட்டும் வைத்துக் குறை சொல்லாதே என்றார். ஆனால் 1939இல் மந்தையோடு அலைந்த பெண், வீட்டில் கம்பளி கிடக்கும்போது எதற்குப் பருத்தி வாங்கப் போகிறாள்?

அந்த மூலைக்கு வந்தபோதுதான் சிரித்தார். பாரசீக 8, தலைகீழாக நிற்கும் ஆங்கில 'வி' போல இருக்கும். ஒரு காலைப் பிடுங்கிவிட்டால் மிச்சம் ஒற்றைக் கோடு. அதுதான் 1. பின்பக்கம் அந்த இடத்தில் மட்டும் ஏழெட்டு முடிச்சுகள் வேறு சிவப்பு. அசல் ஆண்டு 1388, அதாவது 2009. என் மகளைவிட ஒரு வயது இளையது!

முடிச்சு நிஜம், கையால் போட்டதுதான் என்றார் ஹாஜி. வெளுக்காமல் புதிதாகவே விற்றிருந்தால் மூன்றில் ஒரு பங்கு விலை போயிருக்கும், நீண்ட காலம் உழைத்திருக்கும். இப்போது கம்பளி காய்ந்துபோய், கசக்கினால் தூளாக உதிர்கிறது. பணம் போனதைவிட எனக்கு ஆத்திரம் வந்தது இதற்குத்தான். மாதக்கணக்கில் குனிந்து உட்கார்ந்து ஒருத்தி நெய்திருக்கிறாள். அவள் போட்ட ஆண்டைப் பிடுங்கி எறிந்திருக்கிறார்கள்.

கடைக்குப் படங்கள் அனுப்பினேன். ரஃபுக்காரருக்கு ஒன்றும் தெரியாது என்று முதலில் பதில். அடுத்து, ஷிராஸ் வாருங்கள் மாற்றித் தருகிறோம். அதற்குப் பிறகு நீல டிக் மட்டும்.

போகிறவர்கள் வெள்ளைக் கைக்குட்டை ஒன்று கொண்டுபோங்கள். நனைத்து, சிவப்பின் மேல் அழுத்தித் தேய்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் எழுந்துவிடுங்கள். ஆண்டு போட்டிருந்தால் அதைப் பின்பக்கத்திலிருந்து படியுங்கள். வயதும் சாயமும் பற்றி வாயால் சொன்னதை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எனக்கு வந்த ரசீதில் 'கம்பளம் 1' என்று மட்டும்தான் இருந்தது. புதுக் கம்பளம் என்றால் மட்டம் என்று நினைக்காதீர்கள். மஞ்சிட்டி வேரிலும் மாதுளைத் தோலிலும் தோய்த்த நூலில் இன்றும் நெய்கிறார்கள்.

ஹாஜி அறுபது திர்ஹாம் வாங்கிக்கொண்டு அந்த 8ஐத் திரும்பப் போட்டுக் கொடுத்தார்.

நண்பர் நேற்று மறுபடி அந்தக் கடைக்குப் போய், கவிழ்த்துப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார். டீ ஆறுகிறது, முதலில் குடியுங்கள் என்றாராம் கடைக்காரர்.