ஓனர் நாற்காலிக்கு ஐந்துக்கு நாலு ஸ்டார்

பாலக்காடு மாவட்டக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்புக்கு நடுவில் இருக்கும் அந்த டர்ஃப் (செயற்கைப் புல்) மைதானத்தின் பெயரைப் போடப்போவதில்லை. குறையும் சொல்லப்போகிறேன், வாரத்துக்கு ரெண்டு தடவை அவர்கள் முகத்தில் முழிக்கவும் வேண்டும். வேலந்தாவளம் வழியாகவோ கோபாலபுரம் வழியாகவோ ராத்திரியில் வருகிறவர்களுக்கு அந்த வெள்ளை வெளிச்சம் எது என்று தெரியும்.

மணி வாடகைக்கு எடுத்து விளையாடுவதைப் பற்றி நான் எழுதவில்லை. அவர்கள் நடத்தும் ஏல கிரிக்கெட் லீக்கைப் பற்றித்தான் பேச்சு. எட்டு டீம், எட்டு ஓனர். டீமுக்கு 12,000 ரூபாய், ஜெர்ஸி செலவு தனி. விளையாடுகிறவர்கள் தலைக்கு 300 கட்டிப் பெயர் கொடுக்க வேண்டும். கல்யாண மண்டபத்தில் புரொஜெக்டர் போட்டு ஏலம் நடக்கும். ஓனருக்கு 1,000 பாயிண்ட், அதற்குள் பத்துப் பேரை எடுக்க வேண்டும். நான் 2024-லும் 2025-லும் ஓனர். தொழில் பைப் கடை. தோப்புக்காரர்களுக்குச் சொட்டுநீர்க் குழாயும் மோட்டார் சாமானும் விற்கிறவன். கிரிக்கெட்டில் என் தகுதி, பள்ளிக்கூட டீமில் பன்னிரண்டாவது ஆள்.

மைதானத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தரை அருமை. விளக்கு எட்டில் ஒன்று கண் சிமிட்டும், அதுவும் பேட்ஸ்மேன் பார்வைக்கு நேராக. பிப்ரவரியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிழக்கிலிருந்து இழுத்து அடிக்கும். டென்னிஸ் பந்தைத் தூக்கி அடித்தால் எங்கே இறங்கும் என்று பிறந்ததிலிருந்து இங்கேயே இருப்பவனுக்கும் தெரியாது. கட்டன் சாயா பத்து ரூபாய், குறை சொல்ல முடியாது. கழிப்பறை ஒன்றுதான், தாழ்ப்பாள் கிடையாது, பாடிக்கொண்டே இருக்க வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதல் வருஷ ஏலத்தில் 40 பாயிண்டுக்கு ஒரு கள் இறக்கும் தம்பியை எடுத்தேன். காலையும் மாலையும் மரம் ஏறிப் பாளை சீவுகிறவன். இடது கைப் பந்துவீச்சு. ஓடி வருவது நாலே எட்டு; ஆனால் அந்த மணிக்கட்டில் என்ன இருக்கிறதோ, தரையில் பட்ட பிறகுதான் பந்து எந்தப் பக்கம் போவது என்று முடிவு பண்ணும். அவனால்தான் அரையிறுதி வரை வந்தோம். கடைசி லீக் ஆட்டத்தில் மட்டும் ஒரே ஓவரில் 17 ரன் கொடுத்துவிட்டான்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. கோயமுத்தூரில் காலேஜ் படிக்கும் என் அக்கா பையனும் டீமில் இருந்தான். ஒரு ஆட்டம்கூட இறங்கவில்லை. அக்கா வேறு ரெண்டு தடவை போன் போட்டுவிட்டாள். மறுநாள் அரையிறுதியில் டாஸுக்கு இருபது நிமிஷம் முன்னால் கேப்டனுக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்பினேன்: "இன்னைக்கு அவன் உட்காரட்டும், மாப்பிள்ளையப் போடச் சொல்லு." நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. எழுந்து போய் வலைக்குள் விரலை விட்டு ஆட்டிக் கூப்பிட்டேன்.

"அண்ணா, அவன்தானுங்க நம்ம பௌலிங்கே."

"காசு போட்டது யாருப்பா?"

இதை எழுதும்போது இப்போதும் கூசுகிறது. அக்கா பையன் ஒரு ஓவரை முடிக்கப் பதினோரு பந்து போட்டான். ஐந்து வைடு. தோற்றோம். கள் இறக்கும் தம்பி யாரையும் பார்க்காமல் காலித் தண்ணீர் பாட்டில்களைப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தான். மறுநாள் கடை திறந்ததும் கேப்டன் வந்தான். துவைத்து மடித்த ஜெர்ஸியை மளிகைக் கடைப் பையோடு கல்லா மேல் வைத்தான். பக்கத்தில் 180 ரூபாய். ஆறு மாசத்துக்கு முன்னால் கடனுக்கு வாங்கிப்போன அரை இஞ்ச் வால்வின் காசு. நான் அதை மறந்தே போயிருந்தேன்.

அது 2024 பிப்ரவரி. மே மாசம் 8-ம் தேதி ஐபிஎல்லில் லக்னோ அடித்த 165-ஐ ஹைதராபாத் 9.4 ஓவரில் விக்கெட்டே இழக்காமல் தாண்டியது. ஆட்டம் முடிந்ததும் லக்னோ ஓனர் சஞ்சீவ் கோயங்கா, கேப்டன் ராகுலை மைதானத்திலேயே நிறுத்தி வைத்துக் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். மறுநாள் என் கடையில் குழாய் வாங்க வந்தவர்கள் எல்லாம் போனில் அதையே பார்த்து, "ஊர் பார்க்க இப்படியா பண்றது" என்றார்கள். நானும் ஆமாம் ஆமாம் என்றேன். கடைப் பையன் மட்டும் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான்.

அதற்காக ஓனர் என்றால் செக்கில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்கிறவர்களோடும் நான் சேர மாட்டேன். இதே கோயங்காவின் புனே அணி 2016-ல் ஏழாவது இடம். அடுத்த வருஷம் தோனியிடமிருந்து கேப்டன் பதவியை எடுத்து ஸ்மித்திடம் கொடுத்தார்கள். ஊரே திட்டியது, என் பங்குக்கு நானும் திட்டினேன். அந்த அணி இறுதி ஆட்டம் வரை போய் மும்பையிடம் ஒரே ஒரு ரன்னில் தோற்றது. அந்த ரன் இந்தப் பக்கம் விழுந்திருந்தால் அவரைத் தீர்க்கதரிசி என்றிருப்போம். பிறகு லக்னோவில் ராகுலை விட்டுவிட்டு 27 கோடிக்குப் பந்த்தை எடுத்தார்கள், 2025-ல் ஏழாவது. ஒரே ஆள்தான், ஒரு தடவை பழம், ஒரு தடவை காய். ஆனால் ரெண்டுமே சீசனுக்கு முன்னால், மேசையில் உட்கார்ந்து எடுத்த முடிவு. அதில் தப்பு நடந்தாலும் அது ஓனருடைய தப்பு, அவர் காசு. பெங்களூர் ஓனர் மல்லையா 2008-ல் செய்தது வேற ரகம். சீசன் பாதியில் சிஇஓ சாரு சர்மாவை அனுப்பினார், டீம் எடுத்தது சரியில்லை என்று கேப்டன் திராவிடை வெளியில் குறை சொன்னார். எட்டு டீமில் ஏழாவது.

சென்னை அணியின் சீனிவாசன் தலையிடாதவர் என்று நினைக்கிறோமே, அதுவும் முழுக்கச் சரியில்லை. 2011-12-ல் ஆஸ்திரேலியாவில் நாலு டெஸ்டும் தோற்றுத் திரும்பியபோது தோனியை ஒருநாள் கேப்டன் பதவியிலிருந்து எடுக்கத் தேர்வாளர்கள் நினைத்தார்கள். இந்திய கிரிக்கெட் வாரியத் தலைவராக இருந்த அவர்தான் தடுத்தார். சரியா தப்பா என்று எங்கள் சாயாக்கடையில் இன்னும் சண்டை. ஒன்று, அவர் கை வைத்தது ஆளைக் காப்பாற்ற. நான் கை வைத்தது அக்காவின் போனுக்குப் பயந்து.

ரெண்டாவது சீசனில் டர்ஃப்காரர்கள் புது விதி போட்டார்கள். என் ஒருத்தனுக்காக இல்லை, எட்டில் ஆறு ஓனர்கள் என்னைப் போலத்தான். ஏலத்தில் ஓனர் இஷ்டம், கேப்டனை வைப்பதும் ஓனர்தான். டாஸுக்கு ஒரு மணி நேரம் முன்னால் கேப்டன் எட்டுப் பேர் பட்டியலில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். அப்புறம் ஓனர்கள் எல்லாரும் எதிர்மூலையில், எண் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில். ஆட்டம் நடக்கும்போது கேப்டனிடம் பேசினால் ஐந்து ரன் வெட்டு. மேனேஜர் சேட்டன் கேரளா பிளாஸ்டர்ஸ் கால்பந்து அணியின் ரசிகர், மஞ்சள் ஜெர்ஸியைக் கழற்றவே மாட்டார். மூன்று இறுதி ஆட்டம் போய் மூன்றிலும் தோற்ற அணி, 2024 டிசம்பரில் கோச்சையும் அனுப்பியது. அதைச் சொன்னால் அவருக்கு முகம் சிவக்கும். "கோச்சு போனா டீம் மாறுமோ? டீம் வாங்கினவர் மாறணும்" என்பார், பாதி தமிழில்.

இந்த லீக்கில் காசு கொடுத்து வாங்க வேண்டிய சமாச்சாரம் அந்த நாற்காலிதான். உட்கார்ந்து பார்த்தால் முதல் ஆட்டத்தில் கால் தானாக ஆடும். மூன்றாவது ஆட்டத்தில் கேப்டன் ஏன் அந்த ஓவரை அவனுக்குக் கொடுத்தான் என்று புரிய ஆரம்பிக்கும். அங்கிருந்து காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிகிறது; எனக்கு அதுவரை தெரியாது.

விதியில் ஓட்டையும் உண்டு. அடிபட்டவனுக்குப் பதில் ஆள் இறக்குவதைக்கூட ஓனருக்குச் சொல்ல வேண்டியதில்லையாம். எங்கள் கீப்பருக்கு விரல் பிசகியதை, அதே மைதானத்தில் உட்கார்ந்துகொண்டு, யூட்யூப் லைவில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக மட்டும் கூப்பிட்டார்கள். இன்னொன்று, ஏலத்தில் சொந்தக்காரர்களை எடுக்க வரம்பே இல்லை. ஒரு ஓனர் மச்சான்களை மட்டுமே மூன்று பேர் எடுத்தார். வீட்டில் நிம்மதி, பாயிண்ட் டேபிளில் கடைசி.

கேப்டன் திரும்பி வந்தான், ஏலத்தில் பக்கத்தில் உட்காருவேன் என்ற நிபந்தனையோடு. 180 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கவில்லை. கள் இறக்கும் தம்பியின் போட்டோ திரையில் வந்ததும் நான் கையைத் தூக்கினேன். முந்தின வருஷம் 40. இந்தத் தடவை நிமிஷத்தில் 150 தாண்டியது. 180-க்கு நான் சொன்னபோது மேசைக்கு அடியில் கேப்டன் என் முழங்காலை அழுத்தினான். எதிர் மேசை 190. மறுபடி அழுத்தினான், இந்தத் தடவை நகம் பட்டது. கையை இறக்கினேன். மேசையில் எல்லாமே சரியாக நடக்கும் என்றும் இல்லை. 2023 டிசம்பர் ஐபிஎல் ஏலத்தில் பஞ்சாப்காரர்கள் ஷஷாங்க் சிங்கை 20 லட்சத்துக்கு எடுத்துவிட்டு ஆளைப் பற்றிக் குழம்பினார்கள். அந்த ஷஷாங்க்தான் ஏப்ரலில் குஜராத்துக்கு எதிராக 29 பந்தில் 61 அடித்து ஜெயிக்க வைத்தார். எங்களுக்கு மிஞ்சிய பாயிண்டில் ரெண்டு பேர் வந்தார்கள், ரெண்டு பேரும் நன்றாகவே ஆடினார்கள்.

மறுபடியும் அரையிறுதி. கடைசி ஓவரில் எங்களுக்கு 9 ரன் வேண்டும். பந்து கள் இறக்கும் தம்பி கையில். 4 ரன்தான் கொடுத்தான். நான் நாற்காலியை விட்டு எழவில்லை. வெளியே வரும்போது அவனே சாயா வாங்கி நீட்டினான். "அண்ணா, போன வருஷம் எனக்கு அன்னைக்குக் காய்ச்சல், 17 ரன்னுக்கு அதுதானுங்க காரணம்" என்றான். கேப்டனுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியுமாம்.

மூன்றாவது சீசனுக்கு 12,000 கட்டிவிட்டேன். ரசீதில் "ஓனர், நாற்காலி 5" என்று எழுதியிருக்கிறார்கள். அந்த அஞ்சாம் நம்பர் நாற்காலிக்குப் பின்கால் ஒன்று விண்டிருக்கிறது, கம்பி கட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு ஸ்டார் குறைத்தது அதற்கும் தாழ்ப்பாளுக்கும்.