பழைய சிறு விமானங்களை மாற்றுவது எப்படி: முழு பேட்டரியா, ஹைபிரிடா?

2019 டிசம்பர் 10 அன்று, கனடாவில் வான்கூவர் அருகே ஃபிரேசர் ஆற்றிலிருந்து ஒரு பீவர் மிதவை விமானம் வெறும் மின்சாரத்தில் மேலெழுந்தது. பீவர் ரகம் முதன்முதலில் பறந்தது 1947இல். அதன் 450 குதிரைத்திறன் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு, மேக்னிஎக்ஸ் நிறுவனத்தின் 750 குதிரைத்திறன் மின்மோட்டாரைப் பொருத்தியிருந்தது ஹார்பர் ஏர் என்ற கனடிய விமான நிறுவனம். 2022 ஆகஸ்டில் அதே விமானம் 72 கிலோமீட்டரை 24 நிமிடத்தில் கடந்தது.

அதற்கு மேல் போக முடியுமா? சிக்கல் எடைதான். நம் கரண்ட் பில் கணக்கில் சொன்னால், ஒரு கிலோ விமான எரிபொருளில் சுமார் 12 யூனிட் ஆற்றல் இருக்கிறது. ஒரு கிலோ பேட்டரித் தொகுப்பில் கால் யூனிட் தேறினாலே பெரிது. மோட்டார் தனக்குக் கிடைத்ததில் 90 சதவீதத்துக்கும் மேல் சுழற்சியாக மாற்றிவிடும், பெட்ரோல் இன்ஜினோ மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தொடுவது அரிது. அப்படியும் ஈடாகவில்லை. எரிபொருள் எரிய எரிய விமானம் இலேசாகும், பேட்டரியோ தரையிறங்கும்போதும் அதே கனம். அவசரத்துக்கென்று அரை மணி நேரக் கையிருப்பும் வேண்டும். இதெல்லாம் போக, பயணிகளுக்கு மிஞ்சும் சுமை கொஞ்சம்தான்.

ஆம்பேர் நிறுவனத்தின் ஈக்கோ கேரவன் வேறு வழி, அதாவது ஹைபிரிட். 2022 நவம்பரில் கலிஃபோர்னியாவின் கமரில்லோவில் பறந்த இந்த செஸ்னா கேரவன் சிறு விமானத்தில் டர்பைனுக்குப் பதில் டீசல் வகை இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து உழைக்கின்றன. மேலேறும்போது இரண்டும் தள்ளும், உயரம் எட்டிச் சீராகப் பறக்கும்போது இன்ஜினே பார்த்துக்கொள்ளும். போய்ச் சேரும் இடத்தில் சார்ஜர் இல்லாவிட்டாலும் கவலையில்லை. எரிபொருள் 70 சதவீதம் வரை மிச்சம் என்கிறது நிறுவனம். குறுகிய பயணம், தரையிலேயே சார்ஜ் என்றால்தான் அந்த அளவு கிடைக்கும்.

ஹைட்ரஜனும் உண்டு. 2023 ஜனவரியில் ஜீரோஏவியா நிறுவனம் டோர்னியர் 228 என்ற இரட்டை இன்ஜின் சிறு விமானத்தை இங்கிலாந்தில் 10 நிமிடம் பறக்கவிட்டது. ஒரு பக்கம் மட்டும் ஹைட்ரஜன், மறுபக்கம் பழைய இன்ஜின். விமான நிலையங்களில் ஹைட்ரஜன் வந்த பிறகு பேசலாம்.

இன்றைக்கு இருக்கைகளை நிரப்பிப் பறக்க ஹைபிரிட்தான் சரி. ஆனாலும் பீவர் பக்கமே என் மனம் சாய்கிறது. கேரவன் மாற்றத்துக்கு முன்பும் ஈயமில்லாத ஜெட் எரிபொருளில்தான் ஓடியது. பீவர் போன்ற பழைய பிஸ்டன் விமானங்கள் பெரும்பாலும் ஈயம் கலந்த பெட்ரோலில் ஓடுபவை, அதுவும் ஊருக்கு நடுவே துறைமுகங்களில் ஏறி இறங்குபவை. அந்த இன்ஜினைக் கழற்றினால் கரியமில வாயுவோடு ஈயமும் போகிறது. அரை மணிக்கும் குறைவான தீவுப் பயணங்களுக்கு நான் அதைத்தான் முதலில் மாற்றச் சொல்வேன்.