யூனா, மன்னா? ஹாங்காங் கடைவீதிக் காசுப் பேச்சு

ஹாங்காங்கில் டாலரைச் சொல்ல, அங்கே பேசும் கான்டனீஸ் மொழியில் முதலில் கண்ணில் படுவது 'யூன்'. நானும் அதைத்தான் புத்தகத்தில் படித்தேன். இப்போது அதை விட்டுவிட்டு, கடைவீதியில் டாலருக்குச் சொல்லும் 'மன்'னுக்கு மாறிவிட்டேன்.

யூன் தப்பில்லை. காசோலை, வங்கிப் படிவம், செய்தி வாசிப்பு எல்லாம் அதுதான். ஆனால் காய்கறிக் கடையில் யூன் என்பது, நம்மூர்க் கீரைக்காரம்மாவிடம் "இதன் விலை யாது?" என்று கேட்பது மாதிரி. புரியும், சிரிப்பார்கள்.

மன் நம் நாக்குக்கு எளிது. குரலை மட்டும் உயர்த்திச் சொல்ல வேண்டும். சப் மன் பத்து, யீ சப் மன் இருபது. இதில் ஒரே ஒரு சிக்கல், சில்லறை. ஷாம் ஷூய் போ சந்தையில் ஒரு கட்டு சோய் சம் கீரைக்குக் கடைக்காரம்மா "சப் யீ கோ புன்" என்றார். சப் யீ, பன்னிரண்டு. அதுவரை காதில் விழுந்தது. 12 டாலரை நீட்டினேன். அவர் நீட்டிய கை மடங்கவில்லை. "புன்! புன்!"

புன் என்றால் பாதி. முழு டாலராக இருந்தால் கடைசியில் மன். சில்லறை ஒட்டிக்கொண்டால் மன் போய் நடுவில் 'கோ' வரும். சாம் மன் என்றால் 3 டாலர், சாம் கோ புன் என்றால் 3.50, சாம் கோ யீ என்றால் 3.20. வெறும் 'கோ புன்' என்றால் 1.50, முன்னால் இருக்கும் ஒன்றைக்கூட விழுங்கிவிடுவார்கள். பாக் நூறு, இங் ஐந்து; அதற்காக 'பாக் இங்' என்றால் 105 என்று நினைத்துவிடாதீர்கள், அது 150. யூனை மட்டும் நம்பிப் போனால் இந்த 'கோ' காதில் விழவே விழாது. நான் மாறியதற்குக் காரணம் இதுதான்.

அப்புறம் 'ஸொய்', அதாவது தண்ணீர். நாம் பணத்தைத் தண்ணீராய்ச் செலவழிப்போம். இவர்களுக்குத் தண்ணீரே பணம். ஒரு கட்டித் தண்ணீர், 'யட் கவ் ஸொய்', 100 டாலர். கொடுத்த பணம் திரும்பி வந்தால் 'வூய் ஸொய்'. நண்பர்கள் பேசும்போது கேட்டதோடு சரி, நானாகச் சொல்லிப் பார்த்ததில்லை. சிவப்பு 100 டாலர் நோட்டுக்கு 'ஹூங் சாம் யூ', சிவப்புச் சட்டை மீன், என்றும் ஒரு பெயர் உண்டு. அதே பெயரில் நிஜ மீனும் இருப்பதால் மீன்கடையில் மட்டும் வாயைத் திறப்பதில்லை.