பிபிஎஃப் ரிங் பஃபர்: நீண்ட நாள் பயன்படுத்திய பிறகு

சர்வர்களில் எந்தப் புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்று கவனிக்கும் ஒரு கருவியைப் பராமரித்து வருகிறேன். இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குள் ஓடும் பிபிஎஃப் நிரல் (கர்னலுக்குள் நாம் ஏற்றும் சிறு நிரல்) நிகழ்வுகளை எழுதும், வெளியே ஓடும் எங்கள் நிரல் வாசிக்கும். நடுவில் இருப்பது 2020இல் லினக்ஸ் 5.8உடன் வந்த ரிங் பஃபர், அதாவது முடிவுக்கு வந்ததும் தொடக்கத்துக்கே சுற்றி வரும் நினைவக இடம். அதற்கு முன்பு இதே வேலைக்கு லினக்ஸின் பழைய வழியான பெர்ஃப் பஃபர் வைத்திருந்தோம்.

மாறியதற்கு முதல் காரணம் வரிசை. பெர்ஃப் பஃபரில் சிபியு ஒவ்வொன்றுக்கும் தனி இடம். ஒரு புராசஸ் ஒரு சிபியுவில் தொடங்கி வேறொன்றில் முடிந்தால், முடிந்த செய்தி முந்திக்கொண்டு வந்துவிடும். நேரத்தைப் பார்த்து நாமே அடுக்க வேண்டும். ரிங் பஃபர் எல்லா சிபியுவுக்கும் பொது. யார் முதலில் இடம் பிடித்தார்களோ அவர்கள் செய்தி முதலில் வரும். நினைவகமும் மிச்சம். பெர்ஃப் பஃபரில் சிபியு தலைக்கு 1 எம்பி என்றால் 64 சிபியு இயந்திரத்தில் 64 எம்பி போய்விடுமே!

எனக்கு மிகவும் பிடித்தது, தரவு இருக்கும் அதே நினைவகப் பக்கங்களை அடுத்தடுத்த முகவரிகளில் இரண்டு முறை தெரியும்படி மேப் செய்திருக்கும் விதம். பஃபரின் கடைசியில் தொடங்கி முன்பக்கம் சுற்றி வரும் பதிவுகூட ஒரே நீட்டாகத் தெரியும், வெட்டி ஒட்டும் வேலையே இல்லை. அருமையான யோசனை.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. பஃபர் நிறைந்துவிட்டால் பழையது அழியாது, புதியதற்குத்தான் இடம் கிடைக்காது. பெர்ஃப் பஃபர் எத்தனை நிகழ்வுகள் தொலைந்தன என்று தானே சொல்லும். ரிங் பஃபர் சொல்லாது. இடம் கேட்கும் அழைப்பு வெறுங்கையோடு திரும்பும், அவ்வளவுதான். நெரிசலில் 'முடிந்தது' என்ற செய்தி தொலைந்தால், செத்துப்போன புராசஸ் எங்கள் பட்டியலில் உயிரோடு நிற்கும். அதனால் தோல்விகளை எண்ண ஒவ்வொரு சிபியுவுக்கும் ஒரு கவுண்டரை முதல் நாளே வைத்துவிடுங்கள். அந்த எண் ஏறினால் பஃபரைப் பெரிதாக்கும் முன் வாசிக்கும் நிரலைப் பாருங்கள். பெரும்பாலும் தாமதம் அங்கேதான் இருக்கும்.

புராசஸ் நிகழ்வுகளுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். நெட்வொர்க் பாக்கெட் ஒவ்வொன்றுக்கும் செய்தி அனுப்புவதென்றால் கதை வேறு. இடம் பிடிக்க எல்லா சிபியுவும் ஒரே பூட்டுக்கு (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் லாக்) காத்திருக்கும். அப்போது சிபியுக்களைக் குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு ரிங் பஃபர் கொடுப்பது நல்லது. ஆனால் குழுக்களுக்கு இடையே வரிசை கிடைக்காது, அதை மறுபடி நீங்களே அடுக்க வேண்டியிருக்கும்.