வீட்டுத் தயாரிப்பு நோன்புக் கஞ்சிப் பொட்டலம்: ஒரு மாதம் பயன்படுத்திய பின்

தக்கலைச் சந்தைக்கு அருகிலுள்ள பலசரக்குக் கடை ஒன்றில், ரமலானுக்கு ஒரு வாரம் முன்பு, பெயர்ச்சீட்டு எதுவும் ஒட்டாத அரைக் கிலோ நோன்புக் கஞ்சிப் பொட்டலத்தை 95 ரூபாய்க்கு வாங்கினேன். பக்கத்து ஊர்ப் பெண்கள் சிலர் வீட்டிலேயே தயாரித்துக் கொடுப்பதாகக் கடைக்காரர் சொன்னார். பெருநாள் வருவதற்குள் ஆறு பொட்டலங்கள் தீர்ந்துவிட்டன.

பள்ளிவாசலில் கிடைக்கும் கஞ்சியைக் காசு கொடுத்து வாங்குவதா என்று மாமி கேட்டது நியாயம்தான். ஆனால், அரசு ஆண்டுதோறும் பள்ளிவாசல்களுக்கு வழங்கும் பச்சரிசியில் காய்ச்சப்படும் அந்தக் கஞ்சியைத் தூக்குச்சட்டியில் வாங்கி வர, அஸர் என்னும் பிற்பகல் தொழுகை நேரத்தில் வீட்டில் ஓர் ஆள் வேண்டும். நாகர்கோவிலில் வேலை முடித்துப் பேருந்தில் நான் வந்து சேரும்போது மணி ஐந்தே முக்கால் ஆகிவிடும். 2026 ரமலான் பிப்ரவரி, மார்ச்சில் அமைந்ததால் நோன்பு திறக்கும் நேரத்து மக்ரிப் பாங்கு ஆறரை மணியளவிலேயே ஒலித்தது. அந்த முக்கால் மணி நேரத்திற்குத்தான் இந்தப் பொட்டலம்.

உள்ளே பச்சரிசி நொய்யும் வறுத்த பாசிப்பருப்பும் வெந்தயம், சீரகம், மிளகு, காய்ந்த பூண்டுச் சில்லு, மஞ்சள் ஆகியவையும் கலந்திருக்கின்றன. ஒரு தம்ளருக்கு ஆறு தம்ளர் தண்ணீர் வைத்துக் குக்கரில் நான்கு விசில் விட்டால் போதும் என்றார்கள். முதல் நாள் அப்படியே செய்தேன். நொய் குழைந்திருந்தது, வெந்தயம் மட்டும் பல்லில் கடிபட்டுக் கசந்தது. மறுநாளிலிருந்து, காலையில் புறப்படுமுன் தேவையான அளவைக் கழுவித் தண்ணீரில் ஊறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டுப் போனேன். கசப்பு அடங்கியது, மூன்று விசிலே போதுமானதாகவும் இருந்தது. சின்ன வெங்காயமும் மணத்துக்கான ரம்பை இலையும் வதக்கிச் சேர்த்து, அடுப்பை அணைத்த பிறகு கெட்டித் தேங்காய்ப்பாலை ஊற்றினால்தான் கஞ்சிக்குக் கஞ்சியின் மணம் வருகிறது. வெறும் பொட்டலத்தை மட்டும் நம்பினால் நோயாளிக்குக் கொடுக்கும் கஞ்சி போலவே இருக்கும். ஆறினால் கல்லாக இறுகிவிடுவதால் பக்கத்தில் வெந்நீரும் வேண்டும்.

என் பெரிய குறை உப்பைப் பற்றியது. இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை சாப்பிடும் மாமிக்கு உப்பைக் குறைக்க வேண்டும். இதிலோ உப்பை முன்பே கலந்துவிட்டார்கள். கழுவும்போது பொடிகளோடு கொஞ்சம் உப்பும் போனாலும் அது போதவில்லை. ஆகவே அவருக்கு மட்டும் தனியாக நொய் வேகவைத்தேன். இரண்டு பாத்திரம் என்றால் மிச்சப்படுத்திய நேரம் எங்கே போயிற்று?

மற்றபடி, கஞ்சிக் கவலை தீர்ந்ததால் மாதத்தின் சமையலைத் திட்டமிடுவது எளிதாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் தேங்காய்ப்பால் பிழிந்து சிறு டப்பாக்களில் உறையவைத்தேன். கறிமசாலாவும் அன்றே அரைத்தேன். விடியலுக்கு முன் உண்ணும் சஹருக்குப் பெரும்பாலும் சோறும் முந்தின நாள் சாளை மீன் குழம்பும், பின்னர் ஆளுக்கு இரண்டு மட்டிப் பழமும். வெள்ளிக்கிழமை இரவு மட்டும் ஒறட்டி என்னும் அரிசி ரொட்டியும் இறைச்சியும். கருவாட்டைச் சஹருக்குத் தொடவே இல்லை, பகலெல்லாம் தாகம் பிடுங்கும்.

பொட்டலத்தில் தயாரித்த நாளும் இல்லை, உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இல்லை. நான்காவது பொட்டலத்தைப் பிரித்தபோது பருப்பில் லேசான சிக்கு வாடை அடித்தது. கடைக்காரர் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார். உப்பைத் தனிப் பொட்டலமாக வைக்கச் சொல்லுங்கள், தேதியையாவது பேனாவால் எழுதச் சொல்லுங்கள் என்றேன். “அடுத்த சரக்குல சொல்லிப் போடுதேன்” என்றார். அடுத்த சரக்கு வந்தபோது, உறையின் மூலையில் நீல மையில் தேதி எழுதியிருந்தது. உப்பு உள்ளேதான் இருந்தது.